விரல்விட்டு எண்ணி ஒரு வேனில் கவிதை: அக்காவின் டிப்ஸ்

"கவிதை எழுத ஆசைதான் அக்கா, நேரம்தான் இல்லை" என்று சொல்லிக்கொண்டு வராதே. பத்து நிமிஷம் போனைக் கீழே வைத்தால் ஒரு கவிதை முடிந்துவிடும். காவியம் எழுதச் சொல்லவில்லை. நாலைந்து வரி போதும். உள்ளே ஒரு பூவோ குயிலோ நுங்கோ இருக்கட்டும், கூடவே ஒரு சின்னக் கணக்கும் இருக்கட்டும். படிக்கிறவர் முதலில் சிரிப்பார். அப்புறம் விரலை மடக்கி, சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பார். அதுதான் நமக்கு வேண்டியது.

கணக்கு என்றதும் முகத்தைச் சுளிக்காதே. ஓடி ஓடி வேலை செய்கிறவளுக்குக் கணக்குதான் துணை. வெள்ளைத் தாளைக் கொடுத்து "வசந்தத்தைப் பற்றி எழுது" என்றால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. முப்பது வரி எழுதி, பாதியில் மூடிவைத்து, அடுத்த வருஷம்தான் எடுப்பாய். "ஏழு சொல், அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது" என்று சொல்லிவிட்டால் ஏழாவது சொல்லில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகலாம்.

சீசனும் இதுதான். மார்ச் 14 பை (π) தினம். 1988இல் சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் அருங்காட்சியகத்தில் லாரி ஷா என்பவர் தொடங்கிவைத்தது. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவதால் 3, 14 என்று வருகிறது, பையின் முதல் மூன்று இலக்கம். நம்ம ஊரில் அதே நாளையோ மறுநாளையோ ஒட்டிப் பங்குனி பிறந்துவிடும். இதற்கு மேல் என்ன நல்ல நேரம் பார்க்கப்போகிறாய்?

1. முதலில் மரத்தைப் பார், அப்புறம் பேனாவை எடு

பனி உருகியது, டூலிப் மலர்ந்தது, செர்ரி பூத்தது என்று ஆரம்பித்தால் தாளைக் கிழித்துவிடுவேன். உன் தெருவில் பனி எங்கே உருகியது? சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில் என்று நம் முன்னோர் வகுத்தார்கள். மரங்களோ அவ்வளவு பொறுமையாகக் காத்திருப்பதில்லை, பங்குனியிலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. வேம்பு பூக்கிறது. புங்கமரத்தடி பூவிரிப்பாகிவிடுகிறது. குயில் விடிவதற்கு முன்பே தொண்டையைத் திறக்கிறது. சித்திரையில் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்குகிறது, நுங்கு வண்டி முனையில் வந்து நிற்கிறது. இவற்றில் ஒன்றை எடு. ஒன்றே ஒன்று.

எடுத்ததை எண்ணு. வேப்பம்பூவுக்கு இதழ் ஐந்து, சரக்கொன்றைக்கும் ஐந்து. வெட்சிக்கு, அதாவது இட்லிப் பூவுக்கு, நாலு. "இயற்கையில் எல்லாப் பூவும் பிபனாச்சி எண்ணில்தான் பூக்கும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதை நம்பிக் கவிதை எழுதினால் வாசலில் இருக்கிற இட்லிப் பூவே உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். 1, 1, 2, 3, 5, 8 என்று போகும் அந்த வரிசையில் நாலு கிடையாது. பூவைக் கையில் வைத்து எண்ணாமல் எண்ணை எழுதவே எழுதாதே.

2. எதை எண்ணப்போகிறாய் என்று முதலிலேயே முடிவு செய்

பாதி பேர் சறுக்குவது இங்கேதான். சொல்லையா, எழுத்தையா, மாத்திரையையா? நடுவில் மாற்றாதே.

- அவசரக்காரிக்குச் சொல்தான் நல்லது. இடைவெளி விட்டால் ஒரு சொல் என்று வைத்துக்கொள், தகராறு இல்லை. "வந்துவிட்டது" என்பதைச் சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்தால் இரண்டு என்று இஷ்டத்துக்கு விளையாடாதே. ஒரு கவிதைக்குள் ஒரே வழக்கம் இருக்க வேண்டும்.
- எழுத்தை எண்ணினால் மெய்யெழுத்தைச் சேர்ப்பாயா, தள்ளுவாயா என்று சொல்லிவிடு. தள்ளுவதற்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. கட்டளைக் கலித்துறையில் அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து, ஒற்றெழுத்து கணக்கில் சேராது. அபிராமி அந்தாதியின் நூறு பாட்டும் இந்த அளவில் வந்தவைதான். அதைப் பாடிய அபிராமி பட்டரே எண்ணி எழுதியிருக்கிறார், உனக்கென்ன வெட்கம்?
- சந்தி எழுத்தை மறக்காதே. "குயிலைக் கேட்டேன்" என்பதில் ஒரு க் கூடுகிறது. சொல்லை எண்ணும்போது அது தொந்தரவு இல்லை. எழுத்தை எண்ணும்போது கணக்கையே கவிழ்த்துவிடும்.

மாத்திரை கொஞ்சம் நிதானமான நாளுக்கு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

3. ஏழு சொல்லில் கை பழகு

குறளுக்கு முதல் அடியில் நாலு சீர், இரண்டாவதில் மூன்று. 1330க்கும் இதே அளவுதான். அந்த அளவை மட்டும் கடன் வாங்கு, தளையெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். நாலு சொல், அடுத்து மூன்று சொல்:

குயில் கூவக் கூவ எண்ணினேன்;
பத்தில் தவறியது குயில்.

எண்ணியது நான், தவறியது குயில். சிரிப்பு அந்த இடமாற்றத்தில் இருக்கிறது. இதைக் கொண்டுபோய்க் "குறள் வெண்பா எழுதிவிட்டேன்" என்று மட்டும் சொல்லித் தொலைக்காதே. உனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சர் எங்கிருந்தாலும் வந்து காதைத் திருகுவார். "ஏழு சொல் கவிதை" என்று சொல், போதும்.

ஹைக்கூவின் 5, 7, 5ஐயும் தமிழில் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. அது ஜப்பானிய மொழியின் ஒலியலகுக்கு ஏற்ற அளவு.

4. பிபனாச்சிப் படிக்கட்டு: முந்தைய இரண்டையும் கூட்டு

1, 1, 2, 3, 5, 8. ஒவ்வொரு எண்ணும் அதற்கு முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை. அத்தனை அத்தனை அசையாக ஆறு வரி எழுதுவதை 2006இல் அமெரிக்க எழுத்தாளர் கிரெகரி பிங்கஸ் பரவலாக்கினார், 'ஃபிப்' என்று பெயர். நாம் அசைக்குப் பதிலாகச் சொல்லை வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 சொல்.

பெயரைக் கேட்டு வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்காதே. இத்தாலியின் பிபனாச்சி இந்த எண்களைத் தன் நூலில் எழுதியது 1202இல். அதற்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டில், குஜராத்தில் ஹேமசந்திரர் என்ற அறிஞர் இதே எண்களுக்கு வந்துவிட்டார். எதை எண்ணும்போது தெரியுமா? யாப்பை! குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை. நாலு மாத்திரை உள்ள ஒரு துண்டை எத்தனை விதமாக அமைக்கலாம்? காகிதத்தில் போட்டுப் பார்: 1111, 112, 121, 211, 22. ஐந்து விதம். மூன்று மாத்திரைக்கு மூன்று விதம், ஐந்து மாத்திரைக்கு எட்டு விதம். இந்த எண்கள் நம் பக்கத்தில் பாட்டுக்குள்ளிருந்தே கிளம்பியவை, ஆகவே பாட்டுக்குள் கொண்டுவர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

வேப்பம்பூ
உதிருது.
முற்றமெல்லாம் வெள்ளை.
விளக்குமாறு எடுத்தேன், கூட்ட.
கூட்டாதே, ரசத்துக்கு ஆகும் என்கிறார் மாமியார்.
நேற்றையதையும் இன்றையதையும் கூட்டினால் நாளையது வந்துவிடும் என்கிறாள் என் மகள்.

நான் என்ன செய்திருக்கிறேன் பார். 'கூட்டு' என்ற ஒரே சொல் நாலாம் வரியில் விளக்குமாற்றோடு வருகிறது, ஆறாம் வரியில் கணக்கு நோட்டோடு வருகிறது. பிபனாச்சியின் விதியை எங்கேயும் விளக்கவில்லை. மகள் சொல்லிவிட்டுப் போகிறாள்.

இந்த வடிவத்தில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதல் இரண்டு வரியும் ஒற்றைச் சொல் என்பதால் "அழகு", "இனிமை", "வசந்தம்" என்று காற்றடைத்த சொற்களை அங்கே போடாதே. கையால் தொடக்கூடிய ஒரு பொருளையும் ஒரு வினையையும் வை. இரண்டாவது, எட்டோடு நிறுத்து. அடுத்தது 13, அதற்கடுத்தது 21. ஒரு வரியில் 21 சொல் என்றால் அது கவிதை இல்லை, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லும் புகார்.

5. பைக்கு ஓரெழுத்துச் சொற்களைச் சேர்த்து வை

பையின் இலக்கங்கள் 3, 1, 4, 1, 5, 9. முதல் சொல்லுக்கு மூன்று எழுத்து, அடுத்ததற்கு ஒன்று, அப்புறம் நாலு என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அந்த 1 வரும் இடத்தில் திண்டாடுவார்கள், அவர்களிடம் சரக்கு குறைவு. நம்மிடமோ நன்னூல் கணக்கின்படி ஓரெழுத்து ஒருமொழி 42 இருக்கிறது. பூ, வா, நீ, தீ, கை, மா, ஈ, போ. இளவேனிலுக்கு வேண்டியதில் பாதி இங்கேயே கிடைத்துவிட்டது.

மெய்யையும் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் எண்ணியதுபோல எண்ணுவோம்:

குயிலே, வா.
பங்குனி. தீ.
மரத்தில் ஒளிந்துகொள்ளலாம்.

எண்ணிப் பார். கு, யி, லே. வா. ப, ங், கு, னி. தீ. ம, ர, த், தி, ல். கடைசிச் சொல்லுக்கு ஒன்பது. 'பங்குனி' பக்கத்தில் ஏன் முற்றுப்புள்ளி என்று கேட்பாய். வைக்காவிட்டால் "பங்குனித் தீ" ஆகி, ஒரு த் முளைத்து, நாலு ஐந்தாகிவிடும். சந்தி பிடிவாதம் பிடிக்கும் இடத்தில் வாக்கியத்தை முடித்துவிடு. இலக்கணமும் கெடாது, கணக்கும் கெடாது.

குறுக்குவழி ஒன்று: 9க்கான நீளச் சொல்லை முதலில் கண்டுபிடி. '-கொள்ளலாம்', '-கொண்டிருந்தது', '-விட்டார்கள்' மாதிரி வால் நீண்ட வினைகளில் அது சுலபமாகச் சிக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் வா. முன்னாலிருந்து தொடங்கினவர்கள் எல்லோரும் ஒன்பதில் வந்து முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆறு இலக்கம் போதும். பையே முடியாத எண், நீ முடித்துக்காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

6. தேர் கட்டு

இதுதான் எனக்குப் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்.

எழுகூற்றிருக்கை என்று ஒரு வகை உண்டு. பாட்டுக்குள் எண்கள் 1, 2, 1 என்று ஏறி இறங்கும். அடுத்து 1, 2, 3, 2, 1. அடுத்து நாலு வரை ஏறி இறங்கும். இப்படி ஏழு வரை போகும். எழுதி அடுக்கினால் தேர் மாதிரி வரும். ஞானசம்பந்தர் பாடியிருக்கிறார், திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார், அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். திருமங்கையாழ்வாருடையது கும்பகோணம் சாரங்கபாணிப் பெருமாள் மேல் பாடியது. அந்தக் கோயிலின் சன்னதித் தெருவில்தான் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. கணக்கும் பாட்டும் ஒரே தெருவில் குடியிருந்திருக்கின்றன என்று பெருமைப்பட்டுக்கொள்வதில் தப்பில்லை.

இந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு விளையாட்டு ஒளிந்திருக்கிறது. 1+2+1 எவ்வளவு? 4, அதாவது 2இன் வர்க்கம். 1+2+3+2+1 எவ்வளவு? 9, 3இன் வர்க்கம். நாலு வரை ஏறி இறங்கினால் 16. உச்சி எண் எதுவோ அதன் வர்க்கம்தான் மொத்தம். இன்னொன்றும் சொல்கிறேன்: 11ஐ 11ஆல் பெருக்கினால் 121, 111ஐ 111ஆல் பெருக்கினால் 12321. கால்குலேட்டரிலேயே தேர் நிற்கிறது.

இளவேனில் தேர்க்காலமும் கூட. பங்குனியில் திருவாரூர் ஆழித்தேர், சித்திரையில் மதுரை மாசி வீதிகளில் தேர். நாலு வரை ஏறி இறங்குகிற ஒரு சின்னத் தேரைச் சொற்களில் கட்டலாம்:

தேர்.
நாலு வீதி.
வீதிக்கு ஒரு மோர்ப்பந்தல்.
குடித்தது வீதியின் வர்க்கம்: பதினாறு.
இழுத்த வடம் பூஜ்யம்.
நிலைக்கு வந்தது
தேர்.

உள்ளே பதினாறு டம்ளர் மோர். மொத்தச் சொற்களை எண்ணிப் பார், அதுவும் பதினாறு. இதைப் படிக்கிறவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். நீ கீழே குறிப்புப் போட்டுச் சொல்லிவிட்டால் தேர் அச்சு முறிந்துவிடும்.

டிப்ஸ் என்ன என்றால், உச்சி வரியை முதலில் எழுது. நடு வரியில்தான் கணக்கும் சிரிப்பும் உட்காரும். கடைசி ஒற்றைச் சொல்லும் முதல் ஒற்றைச் சொல்லும் ஒன்றாக இருந்தால் வேலை பாதி. மூன்று வரை ஏறினால் ஒன்பது சொல், ஐந்து வரை ஏறினால் 25. புதிதாகத் தொடங்குகிறவள் மூன்றோடு நிறுத்தட்டும். ஏழுவரை ஏறுவதை ஆழ்வாருக்கே விட்டுவிடு.

7. பாட்டி காலத்துப் பின்னத்தைத் தூசி தட்டு

அரை, கால், அரைக்கால் வரை உனக்குத் தெரியும். அதற்குக் கீழே போனால் புதையல். மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் மாகாணி, பதினாறில் ஒன்று. (கூட்டிப் பார்த்தாயா? 4/80 + 1/80 = 5/80. சரி.) முந்திரி என்றால் 320இல் ஒன்று.

மா மாமரமும் ஆகும், முந்திரி பாயசத்தில் மிதப்பதும் ஆகும். சிலேடைக்குக் காளமேகம் பட்ட பாடெல்லாம் நீ பட வேண்டாம், முன்னோர் தயாராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மா: இருபதில் ஒன்று

இருபது கிளை.
ஒன்றில்தான் பூ.
மரம் காட்டியது
மிகச் சரியாக ஒரு மா.

முந்திரி: 320இல் ஒன்று

வைகாசி முகூர்த்தம்.
பந்தியில் 320 பேர்.
பாயசத்தில் போட்டது ஒரே முந்திரி.
ஆளுக்கு ஒரு முந்திரி கிடைத்தது.

தலைப்பிலேயே பின்னத்தின் அளவைச் சொல்லிவிட்டேன், கவனித்தாயா? இன்றைக்குப் படிக்கிறவருக்கு முந்திரி வாய்ப்பாடு தெரிந்திருக்காது. கடைசி வரிக்குப் பிறகு விளக்கினால் சிரிப்பு செத்துவிடும். சாவியைத் தலைப்பில் தொங்கவிடு.

கணக்கைப் பாட்டில் வைப்பது நம்மவர்க்குப் பழைய பழக்கம். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் ஒரு பாட்டு, பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண வழி சொல்கிறது: காம்பருகே உள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். சந்தையில் முதல் பலா வந்ததும் இதை வைத்து நீயே ஒன்று எழுது. ஐம்பது முள்ளுக்கு அறுபது சுளை என்று பாட்டு சொல்லும், வெட்டிப் பார்த்தபின் பழம் என்ன சொல்கிறது என்பதில் உன் கவிதை இருக்கிறது.

8. நிதானமான நாளுக்கு மாத்திரை

குறில் 1, நெடில் 2, மெய் அரை, சொல்லின் கடைசியில் வரும் குற்றியலுகரம் அரை. இவ்வளவுதான் பாடம். வேம்பு என்றால் 2 + ½ + ½, ஆக மூன்று. குயில் இரண்டரை. நுங்கு 1 + ½ + ½, ஆக இரண்டு.

நுங்குக்கு
மாத்திரை இரண்டு,
கண் மூன்று.
உடம்புச் சூட்டுக்கு
வைத்தியர் பனையேறி.

ஐகாரம், ஔகாரம் உள்ள சொற்களை ஆரம்பத்தில் தொடாதே. இடத்துக்கு இடம் குறுகும், நீ குழம்பிப்போய் என்னைத் திட்டுவாய். கொன்றை பாவம், கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

9. நாள்காட்டியில் கிடைக்கும் இலவசக் கவிதை

மார்ச் 20 அல்லது 21, பகலும் இரவும் சமமாகும் நாள். இது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் எழுதுவார்கள். அதனால் உன் வீட்டு வழியாக வா:

இன்று
பகலும் இரவும் சமம்.
சமையலறை வேலை மட்டும்
இன்னும் சமமாகவில்லை.

உண்மையில் அன்றைக்கும் பகல் சில நிமிஷம் கூடுதல்தான். காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் சூரியன் எழுவதற்குச் சற்று முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் கூடுதல் நிமிஷங்கள் யார் கணக்கில் போகின்றன என்று கேட்டு இன்னொரு கவிதை எழுதலாம். விடை எனக்குத் தெரியும், பாத்திரம் தேய்க்கிறவள் கணக்கில்.

யாரும் அதிகம் தொடாத நாள் ஒன்று சொல்கிறேன். நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நிமிர்ந்து நிற்கும் பொருளுக்கு நிழலே விழாத நாள். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐ ஒட்டி வரும், வடக்கே நகர்ந்து நகர்ந்து சென்னைக்கு ஏப்ரல் 24ஐ ஒட்டி வந்துசேரும். அன்றைக்கு மொட்டை மாடியில் ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்திப் பார்த்துவிட்டு எழுது:

நான், கழித்தல் நிழல்.
விடை: நானேதான்.
சித்திரை உச்சி.

10. இதையெல்லாம் செய்தால் அக்கா முகத்தில் விழிக்காதே

- "ஒன்றும் ஒன்றும் ஒன்று, அதுவே காதல்." எத்தனை கல்யாணப் பத்திரிகையில் பார்த்தாயிற்று! தடை.
- "நான் ஒரு பூஜ்யம்" என்ற புலம்பல். பூஜ்யம் ஒரு எண், அதை அழவைக்காதே. மேலே தேரில் பார்த்தாயே, இழுத்த வடம் பூஜ்யம் என்று. அங்கே அது வேலை செய்கிறது.
- முடிவிலியைக் கண்ட இடத்தில் தெளிப்பது. "என் அன்பு முடிவிலியைவிடப் பெரியது" என்று எழுதினால் கணக்கு வாத்தியாரும் சிரிப்பார், காதலனும் சிரிப்பான், நீ நினைத்த காரணத்துக்காக இல்லை.
- ஒரே கவிதையில் முக்கோணம், வர்க்கமூலம், நிகழ்தகவு எல்லாம். ஒரு கவிதைக்கு ஒரு கணக்கு. ரசத்துக்குப் புளி போட்ட பிறகு எலுமிச்சையும் தக்காளியும் பிழிகிற மாதிரி ஆகிவிடும்.
- கூட்டல் குறி, சமக்குறி, அடைப்புக்குறி என்று வரி முழுக்கக் குறியாக நிரப்புவது. வாய்விட்டுப் படிக்க முடியாத வரி கவிதையில் நிற்காது.
- கணக்குக்காகச் சொல்லை நொண்டவைப்பது. ஒரு சொல் குறைகிறது என்று "மிக", "அந்த", "ஒரு" என்று அடைத்தால் படிக்கிறவருக்கு உடனே தெரியும். சொல்லை அடைக்காதே, வரியையே மாற்று.
- மோனைக்கு ஆசைப்பட்டுப் பூவின் இதழைக் கூட்டிக் குறைப்பது. கணக்கு தப்பினால் சிரிப்பும் வராது, மரியாதையும் போகும்.

11. எப்போது எழுதுவது?

குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் ஏழு சொல் கவிதை முடிந்துவிடும். தேருக்குப் பஸ் பயணம் வேண்டும். பைக்குக் கரண்ட் போன மதியம் தோதானது, வேறு என்ன செய்யப்போகிறாய். கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுது. இடம் குறைவு என்பதால் கை தானாக நிற்கும். நல்ல நோட்டு வாங்கிய பிறகுதான் எழுதுவேன் என்பவளை எனக்குத் தெரியும், நோட்டு இன்னும் பிரிக்காமலே இருக்கிறது.

12. சோதனைக்கு ஆள் வை

எழுதி முடித்ததும் நேராகக் குடும்ப குரூப்பில் போட்டுவிடாதே. பெரியப்பா கைகூப்பும் படம் அனுப்புவார், சித்தி 'சூப்பர்' என்பார், யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஐந்தாம் ஆறாம் வகுப்பு படிக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவை. விதியை மட்டும் சொல்: "இதில் ஒவ்வொரு வரிக்கும் இத்தனை சொல், தப்பு இருந்தால் கண்டுபிடி." பிள்ளைகள் விடமாட்டார்கள், விரல் போதாமல் கால்விரலையும் எடுப்பார்கள். தப்பு கண்டுபிடித்தால் கோபித்துக்கொள்ளாமல் திருத்து. எண்ணிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை நடுவில் சிரித்தால் அந்த வரியைத் தொடாதே. எண்ணிக்கை சரியாகி, சிரிப்பே வராவிட்டால் பூவை மாற்று, அல்லது கணக்கை மாற்று. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதே, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

சோதித்த பிள்ளைக்குக் கூலி உண்டு. கிளிமூக்கு மாங்காய் வந்திருக்கும், கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி நாலு துண்டு கொடு. ஐந்தாவது துண்டு கேட்டால், பிபனாச்சியில் நாலு கிடையாதே என்று வாதாடினால், கொடுத்துவிடு.